‘கொஞ்சம் பாத்து அனுப்பிடுங்க’ என்றால் என்ன வேலை?

கேள்வி: ஏற்காட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருக்கிறேன். என் பிரிவில் உள்ள இளநிலை உதவியாளர் ஒருவர் தமக்கு ஆட்டிசம் இருப்பதாக என்னிடம் சொல்லியிருக்கிறார். அவர் எழுதும் பதிவேட்டில் அடித்தல் திருத்தலே இருக்காது. ஆனால் கவுண்டரில் மனு கொடுப்பவர்களை முகம் பார்த்துப் பேசுவதில்லை. சொன்ன வேலையைப் பாதியில் வைத்துவிடுகிறார். கோடை விழா நேரத்தில் கூட்டம் நெருக்கியபோது காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டார். 17(அ) மெமோ, அதாவது ஒழுங்கு நடவடிக்கைக்கான குறிப்பாணை, கொடுங்கள் என்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. என்ன செய்வது?

பதில்: மெமோவை இப்போதைக்குத் தொடாதீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசம் உண்டு. அவருக்குத் தேவையான நியாயமான வசதியை அரசு அலுவலகம் செய்து தர வேண்டும் என்கிறது பிரிவு 20. அதை மறுப்பதும் பாகுபாடுதான். எதையும் மாற்றிக் கொடுக்காமல் மெமோ கொடுத்தால், நாளை விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

வேலை ஏன் பாதியில் நிற்கிறது? பெரும்பாலும் அது சொல்லப்படும் விதத்தால். “அந்த ஃபைலைக் கொஞ்சம் பாத்து அனுப்பிடுங்க” என்று நடந்துகொண்டே சொல்வது நம் வழக்கம். எந்த ஃபைல், எதைப் பார்க்க, யாருக்கு, எப்போதைக்குள்? மற்றவர்கள் ஊகித்துக்கொள்வார்கள். அவருக்கு அந்த ஊகம்தான் பெரிய வேலை. அதையே ஒரு துண்டுச் சீட்டில் இப்படி எழுதிக் கொடுங்கள்: “அ2 கோப்பு, பக்கம் 14. மனுதாரர் பெயரையும் சர்வே எண்ணையும் கணினிப் பதிவோடு ஒப்பிடவும். வரைவுக் கடிதம் மாலை 4 மணிக்குள் என் மேசைக்கு.” ஒரு சீட்டில் ஒரே வேலை. நடுவில் அவசரத் தபால் வந்தால், “இதை முதலில், அதை நாளை 11 மணிக்குள்” என்று பழைய சீட்டிலேயே திருத்திக் கொடுங்கள். வாய்மொழியாக மூன்று வேலைகளை அடுக்கினால் மூன்றும் நின்றுபோகும்.

கவுண்டரை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, மனுக்களைச் சரிபார்த்துப் பதிவேட்டில் ஏற்றுவதையும் மாதாந்திர அறிக்கையையும் இவரிடம் விடுங்கள். ஆள் பற்றாக்குறையால் முடியாதென்றால் ஒரு தடவைக்கு 45 நிமிடத்துக்கு மேல் உட்கார வைக்காதீர்கள். அடிக்கடி வரும் கேள்விகளையும் பதில்களையும் அட்டையில் எழுதி மேசையில் ஒட்டுங்கள். முகம் பார்க்காதது அலட்சியமில்லை. கண்ணைப் பார்த்தபடியே கேட்பது சிலருக்கு உண்மையிலேயே கடினம்.

இருக்கையையும் பாருங்கள். பின்னால் சுவர் இருக்கட்டும். வாசலும் பிரின்டரும் தள்ளி இருக்கட்டும். தலைக்கு மேல் சிமிட்டுகிற பழைய டியூப் லைட்டை மாற்றிவிடுங்கள். காதில் இயர் பிளக் வைத்துக்கொள்ள அனுமதியுங்கள். செலவு சில நூறு ரூபாய்தான்.

காதைப் பொத்திக்கொண்டு எழுந்தால் யாரும் சூழ்ந்து நின்று “என்னாச்சு தம்பி?” என்று கேட்க வேண்டாம். அந்த நேரத்தில் ஒவ்வொரு கேள்வியும் கூடுதல் சத்தம். பதிவறையில் 15 நிமிடம் தனியாக உட்காரலாம் என்று முன்கூட்டியே அவரிடம் பேசி வையுங்கள்.

“அவருக்கு மட்டும் சலுகையா?” என்று பிரிவில் முணுமுணுப்பு வரும். வேலையின் அளவு குறையவில்லை, வகைதான் மாறியிருக்கிறது என்பதைப் பணிப் பகிர்வு ஆணையிலேயே எழுத்தில் காட்டுங்கள். அவருடைய அனுமதி இல்லாமல் ஆட்டிசம் என்ற சொல்லை யாரிடமும் எடுக்கக் கூடாது. இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு, அதுதான் எனக்கு அதிகக் கவலை. பிழையில்லாமல் எழுதுகிறாரே என்று எல்லோரும் தங்கள் பதிவேடுகளை அவர் மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். முடியாது என்று சொல்ல அவருக்கு வராமல் போகலாம். சீட்டு உங்கள் கையிலிருந்து மட்டும் போகட்டும்.

15 நாளைக்கு ஒருமுறை, ஒரே கிழமையில், ஒரே நேரத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து எது சரிப்படுகிறது, எது படவில்லை என்று அவரிடமே கேளுங்கள். அடுத்த கோடை விழாவுக்கு எங்கே, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்ற பணி ஆணை ஒரு வாரம் முன்பே அவர் கையில் இருக்கட்டும். முடிந்தால் மேடைப் பக்கம் வேண்டாம், அலுவலகத்துக்குள் உள்ள வேலையாகப் பார்த்துக் கொடுங்கள்.