சூப்பர்சார்ஜர் வண்டியில் ஏசி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

வெயில் ஏற ஏறக் கடிதங்களும் ஏறுகின்றன. இந்த முறை பெரும்பாலானவை வளைகுடாவிலிருந்து, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் சூப்பர்சார்ஜர் மாட்டிய வண்டிகளைப் பற்றி. பாதிப் பேர் கேட்டிருப்பது ஒரே கேள்வி என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மஸ்டாங் ஜிடி, வெளியில் வாங்கிப் போட்ட சூப்பர்சார்ஜர் கிட். ஓடும்போது ஏசி ஜில்லென்று இருக்கிறது. சிக்னலில் நின்றால் சூடான காற்று. (துபாய்)

கிட்டோடு வந்த இன்டர்கூலர் ரேடியேட்டரை (சூப்பர்சார்ஜர் அழுத்திய காற்றின் சூட்டைக் குறைப்பது) எங்கே மாட்டினார்கள்? ஏசி கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சருக்கு முன்னால். கண்டென்சருக்குப் போகும் காற்று இப்போது சூடாகத்தான் போகிறது, அளவும் குறைந்துவிட்டது. ஓடும்போது வேகம் அதை ஈடுகட்டும், நின்றால் ஃபேன் மட்டும்தான். வண்டியை நிறுத்தி இன்ஜினை மட்டும் ஓடவிட்டு ஏசியைப் போட்டு, கண்டென்சர் மேல் குழாய்த் தண்ணீரை மெதுவாக அடித்துப் பாருங்கள். இரண்டே நிமிடத்தில் உள்ளே குளிர்ந்தால், குறை பெரும்பாலும் காற்றோட்டத்தில்தான். ஃபேன் முழு வேகத்தில் ஓடுகிறதா, கிட் மாட்டும்போது ஃபேன் கூண்டையோ அடித்தட்டையோ கழற்றிப் போட்டுவிட்டார்களா என்று பாருங்கள். ஓரங்களில் இடைவெளி இருந்தால் ஃபோம் வைத்து அடையுங்கள். இன்டர்கூலர் ரேடியேட்டருக்கும் கண்டென்சருக்கும் நடுவில் சேர்ந்த மணலை எடுங்கள். 45 டிகிரி வெயிலில் ஹை சைடு பிரஷர் (கண்டென்சருக்குப் போகும் பக்கத்தில் கேஸின் அழுத்தம்) 250, 300 பிஎஸ்ஐ இருப்பது சகஜம். 400ஐத் தாண்டினால் வண்டியின் கம்ப்யூட்டரே கேஸை அழுத்தும் கம்ப்ரெஸரை நிறுத்திவிடும்.

ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தால் ஏசி சில வினாடி நிற்கிறது. (மஸ்கட்)

அப்படித்தான் நிற்க வேண்டும். விட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு மே மாதமும் கேஸ் டாப்-அப் செய்கிறேன். போன வருஷம் லீக் அடைக்கும் டப்பாவும் ஊற்றினேன். எந்த பிராண்ட் கேஸ் நல்லது? (ஷார்ஜா)

பிராண்டைப் பற்றிப் பேச இது நேரமில்லை. கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் அல்ல. குறைந்தால் எங்கோ லீக் என்று அர்த்தம். லீக்கைத் தேடாமல் வருஷா வருஷம் காசு வாங்கிக்கொண்டு கேஸ் அடிக்கிற கடைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. நாம் கேட்காததால்தான் அவர்கள் செய்வதில்லை. நைட்ரஜன் ஏற்றிச் சோதிக்கச் சொல்லுங்கள், சாயம் போட்டு யூவி விளக்கில் பார்க்கச் சொல்லுங்கள். வாக்குவம் போட்டு (உள்ளே இருப்பதை உறிஞ்சி எடுத்து) பார்த்தேன், பிடித்தது என்று சொன்னால் போதாது. பிரஷரில் மட்டும் கசியும் லீக் அதில் அகப்படாது.

அப்புறம் அளவு. பலமுறை எழுதியிருக்கிறேன், மறுபடியும் எழுதுகிறேன்: பழைய கேஸை முழுதாக எடுத்துவிட்டு, பானெட் அடியில் உள்ள ஸ்டிக்கரைப் பார்த்து, எடை போட்டு ஏற்றுங்கள். பிரஷர் கேஜைப் பார்த்து ஏற்றுவது குத்துமதிப்பு. இந்த மாதிரி வண்டிகளுக்கு அரைக் கிலோவிலிருந்து முக்கால் கிலோதான் தேவை, அதில் 100 கிராம் கூடினாலே கோளாறு. கூடுதல் கேஸ் திரவமாகக் கண்டென்சரில் தேங்கும், குளிர்விக்கிற பரப்பு குறையும், பிரஷர் எகிறும். சூப்பர்சார்ஜர் வண்டியில் கண்டென்சர் ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கிறது. கடைசியில் கம்ப்ரெஸர் தேய்ந்து உலோகத் தூள் கொட்டும். அந்தத் தூள் கண்டென்சரின் மெல்லிய குழாய்களுக்குள் போய்விட்டால் கழுவி எடுக்க முடியாது, கண்டென்சரையே மாற்ற வேண்டியதுதான். கம்ப்ரெஸரும் சூப்பர்சார்ஜரும் ஒரே பெல்ட்டில் ஓடுகிற வண்டியில் புல்லி பேரிங் இறுகினால் பெல்ட் போகும். பெல்ட் போனால் ஆல்டர்னேட்டரும் வாட்டர் பம்பும் சேர்ந்து நிற்கும்.

லீக் அடைக்கும் டப்பா இன்னும் மோசம். ஈரம் பட்டால் இறுகுகிற சரக்குதான் அதில் பெரும்பாலும் இருக்கும். கேஸை விரியவிடும் எக்ஸ்பான்ஷன் வால்வை அடைக்கும், கடைக்காரரின் கேஸ் மெஷினையும் கெடுக்கும். ஊற்றியிருப்பதை முதலிலேயே சொல்லிவிட்டு வேலைக்குக் கொடுங்கள்.

ஏசி சரியில்லை. என்ன செய்யலாம்? (ஊர் இல்லை)

என்ன வண்டி, எந்த வருஷம், நிற்கும்போதா ஓடும்போதா, எதுவுமே இல்லை. எழுதி அனுப்புங்கள், பதில் சொல்கிறேன்.

பூஸ்ட் (சூப்பர்சார்ஜர் தரும் காற்றழுத்தம்) கூட வேண்டும் என்று பெரிய கிராங்க் புல்லி (பெல்ட்டைச் சுற்றும் இன்ஜின் புல்லி) போட்டேன். ஏசி கம்ப்ரெஸர் இரண்டாவது முறையாகப் போய்விட்டது. (தோஹா)

கிராங்க் புல்லி 10 சதவீதம் பெரிதானால், அந்த பெல்ட்டில் இருக்கிற எல்லாமே 10 சதவீதம் வேகமாகச் சுற்றும். 7,000 ஆர்பிஎம்மில் கம்ப்ரெஸர் அதைத் தாங்காது. பூஸ்ட் வேண்டுமென்றால் சூப்பர்சார்ஜர் பக்கத்துப் புல்லியைச் சின்னதாக்குங்கள், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் பாருங்கள். புதுக் கம்ப்ரெஸர் மாட்டும்போது ஈரம் உறிஞ்சும் டிரையரையும் மாற்றுங்கள். ஆயில், வண்டிக் கம்பெனி சொன்ன கிரேடுதான், சொன்ன அளவுதான். கேஸ் எடை போட்டு.

20 நிமிடம் ஓடியதும் ஏசி கம்ப்ரெஸரின் கிளட்ச் பிடிக்க மாட்டேன் என்கிறது. ஆறினால் பிடிக்கிறது. பிரஷர் சரியாக இருக்கிறது. (குவைத்)

நன்றாகக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். கிளட்ச் தேய்ந்து இடைவெளி கூடியிருக்கும். கிளட்சை இழுக்கும் மின்காந்தக் காயில் சூடானால் இழுவை குறையும், அந்த இடைவெளியைத் தாண்டி இழுக்க முடியாது. சுமார் அரை மில்லிமீட்டருக்குக் கொண்டுவாருங்கள். பெரும்பாலும் ஒரு ஷிம் (மெல்லிய வளையம்) எடுத்தால் போதும்.

ஏசி கேஸை வைத்தே இன்டர்கூலர் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கிட் போடலாமா? (அபுதாபி)

தத்துவம் சரிதான். 2018 டாட்ஜ் டீமன் காரில் கம்பெனியே அதைச் செய்தது. ஆனால் அதில் டிராக் ரேஸ் (நேர்கோட்டு வேகப் போட்டி) மோடில் குளிர்ச்சி இன்ஜினுக்குப் போகும், கேபினுக்குக் கிடையாது. இருப்பது ஒரே கம்ப்ரெஸர். ஆகஸ்டில் குடும்பத்தோடு போகிற வண்டி என்றால் வேண்டாம்.

புது வகை ஏசி கேஸ் ஆர்1234ஒய்எஃப் விலை அதிகம். பழைய வகை ஆர்134ஏ போடலாமா? (ரியாத்)

கூடாது. இரண்டுக்கும் கேஸ் ஏற்றும் வாய்ப்பகுதியே வேறு வேறாகச் செய்திருப்பது இதைத் தடுக்கத்தான். அடாப்டர் வைத்து ஏற்றித் தருகிறேன் என்கிற கடையிலிருந்து வண்டியை எடுத்து வந்துவிடுங்கள்.

குளிர்காலத்தில் ஏசி போட வேண்டுமா? (பஹ்ரைன்)

வாரம் ஒரு முறை பத்து நிமிடம் போடுங்கள். ஆயில் கேஸோடு சேர்ந்துதான் சுற்றுகிறது. மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் ஷாஃப்ட் சீல் காய்ந்து லீக் ஆரம்பிக்கும்.