குழந்தை நலம் கேள்வி-பதில்: அடம் என்று நாம் நினைப்பவை

கேள்வி: என் மகனுக்கு ஒன்றரை வயது. கேட்ட பொருளைக் கொடுக்காவிட்டால் வீறிட்டு அழுகிறான். அப்படியே மூச்சு நின்று, உதடு நீலமாகி, துவண்டு விழுகிறான். சில நொடிகளில் தானாகவே தெளிந்துவிடுகிறான். ‘பிள்ளையை அழவே விடக்கூடாது’ என்கிறார் என் மாமியார். அதனால் கேட்டதையெல்லாம் கொடுத்துவிடுகிறோம். இது வலிப்பு நோயா, வெறும் அடமா?
- வாசகி, தேனி

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் வரிசையிலேயே பாதி விடை இருக்கிறது. முதலில் அழுகை, அடுத்து மூச்சு நிற்பது, பிறகு நீலம் பாரிப்பது, கடைசியில் துவளுவது என்று ஒவ்வொரு முறையும் இதே ஒழுங்கில் வருமானால், அது பெரும்பாலும் அழுகையின்போது மூச்சடைத்துப்போகும் தொல்லைதான். வலிப்பு நோய்க்கு அழுகை தேவையில்லை. தூங்கும்போதும் அமைதியாக விளையாடும்போதும்கூட அது வரும்.

இதை அவன் வேண்டுமென்று செய்வதில்லை. அழுகையில் மூச்சு முழுவதும் வெளியேறிய நிலையில், அடுத்த மூச்சை உள்ளே இழுப்பது அவன் விருப்பத்துக்கு அப்பாற்பட்டுத் தடைப்படுகிறது. மயங்கியதும் அந்தத் தடை விலகி மூச்சு திரும்புகிறது. பெரும்பாலும் 6 மாதத்திலிருந்து 18 மாதத்துக்குள் தொடங்கும் இந்தத் தொல்லை, பள்ளிக்குப் போகும் வயது வருவதற்குள் பெரும்பாலான குழந்தைகளுக்கு நின்றுவிடும், மூளையையும் பாதிப்பதில்லை. இருந்தாலும் ஒருமுறை குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுவது அவசியம். முடிந்தால் கைப்பேசியில் ஒரு காணொளி எடுத்துக்கொண்டு போங்கள். நீலம் பாரிக்காமல் வெளிறிப்போனாலோ, அழாமலே மயங்கினாலோ, ஓடியாடும்போது விழுந்தாலோ இதயத் துடிப்பைப் பார்க்க இ.சி.ஜி. எடுக்க வேண்டியிருக்கும்.

மூச்சடைக்கும் நேரத்தில் அவனைப் பாயில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலை எதிலும் மோதாமல் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே இருங்கள். தூக்கிக் குலுக்குவது, முகத்தில் தண்ணீரை அடிப்பது, வாய்க்குள் விரலை விடுவது, கையில் இரும்புச் சாவியைத் திணிப்பது எல்லாம் பதற்றத்தில் செய்யப்படுபவை. அவற்றால் பயன் எதுவும் இல்லை, சிலவற்றால் காயம் ஏற்படும். ஒரு நிமிடம் கடந்தும் மூச்சு திரும்பாவிட்டால் 108-ஐ அழையுங்கள்.

அடத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் இரத்தத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் கருத்து. இரும்புச்சத்துக் குறைவு உள்ள குழந்தைகளிடம் இந்தத் தொல்லை கூடுதலாகக் காணப்படுவதும், இரும்புச்சத்து மருந்து கொடுத்தபின் பலருக்கு அது குறைவதும் ஆய்வுகளில் தெரியவந்தவை. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருந்தது. சோறு இறங்கவில்லை என்று நாளுக்கு நான்கு முறை பால் புட்டியைக் கொடுக்கும் வீடுகளில் இந்தக் குறை எளிதாக வரும். பால் வயிற்றை நிரப்பும், இரும்புச்சத்தைத் தராது. ஒன்றரை வயதில் நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் பால் வேண்டாம்.

இனி உங்கள் மாமியாரின் அச்சத்துக்கு வருகிறேன். பேரன் நீலமாகிக் கிடப்பதைப் பார்த்தவருக்கு அந்த அச்சம் வராமல் இருக்காது. ஆனால் மூச்சு நின்றதும் கேட்டது கையில் வந்துவிடுகிறது என்பதை ஒன்றரை வயதுப் பிள்ளையும் விரைவில் கற்றுக்கொள்ளும். கத்தியும் மாத்திரை அட்டையும் எப்போதும் கிடையாது என்பதில் வீட்டில் எல்லாரும் ஒரே பேச்சாக இருங்கள். அதே நேரத்தில், பசியும் தூக்கமும் முற்றிய வேளையில்தான் இத்தகைய அழுகை மிகுதியாக வருகிறது என்பதால், சாப்பாட்டையும் உறக்கத்தையும் நேரத்துக்கு முடித்துவிட்டாலே பாதிச் சண்டை ஓய்ந்துவிடும். தெளிந்தபின் அணைத்துக்கொள்ளுங்கள், மறுத்த பொருளை மட்டும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: மூன்று வயது மகள் பலப்பத்தையும் சுவர்ச் சுண்ணாம்பையும் தின்கிறாள். விரலில் வேப்பெண்ணெய் தடவியும் பார்த்தாயிற்று, அடித்தும் பார்த்தாயிற்று.
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: அடிப்பதை இன்றே நிறுத்திவிடுங்கள். மண், சாம்பல், பலப்பம் போன்றவற்றின் மீது வரும் இந்த வேட்கைக்குப் பின்னாலும் பல நேரங்களில் இரும்புச்சத்துக் குறைவே இருக்கிறது. மூன்று வயதில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் அது இரத்தசோகை. மருத்துவர் தரும் இரும்புச்சத்து மருந்தைப் பாலுடன் கொடுக்காமல், எலுமிச்சை அல்லது நெல்லிக்காய்ச் சாற்றுடன் கொடுங்கள். மலம் கறுப்பாகப் போகும். அதைக் கண்டு மருந்தை நிறுத்திவிட வேண்டாம். இரத்த அளவு சீரான பிறகும் இரண்டு மூன்று மாதங்கள் தொடர்ந்தால்தான் உடலில் இருப்பு சேரும். முருங்கைக்கீரை, ஆட்டு ஈரல், சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) எல்லாம் நல்லவைதான், ஆனால் இரத்தசோகை வந்தபின் அவை மருந்துக்குத் துணையே தவிர மாற்றாகா. குடற்புழு மருந்து கொடுத்து ஆறு மாதம் ஆகிவிட்டதா என்றும் பாருங்கள். வீட்டுச் சுவரில் பழைய பெயின்ட் உரிந்து கிடந்தால் அதில் ஈயம் இருக்கக்கூடும் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் இன்னும் இரவில் படுக்கையை நனைக்கிறாள். தம்பி நனைப்பதில்லை. உறவினர் வீட்டில் தங்கவே வெட்கமாக இருக்கிறது. சோம்பல்தான் காரணம் என்கிறார் என் கணவர்.
- வாசகி, கோவை

பதில்: உறங்கும் குழந்தையிடம் சோம்பல் எங்கே இருக்கிறது? சிறுநீர்ப்பை நிறைந்த செய்தி அவளை எழுப்பும் அளவுக்கு மூளையின் அந்தப் பகுதி இன்னும் முதிரவில்லை, அவ்வளவுதான். ஐந்து வயதில் ஏறத்தாழ ஏழில் ஒரு குழந்தை இரவில் படுக்கையை நனைக்கிறது. பெற்றோரில் ஒருவருக்குச் சிறு வயதில் இது இருந்திருந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். உங்கள் கணவரின் தாயாரிடம் இதைப் பற்றி ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

நான் முதலில் கேட்க விரும்புவது, அவள் எத்தனை நாளுக்கு ஒருமுறை மலம் கழிக்கிறாள் என்பதைத்தான். குடலில் இறுகித் தேங்கும் மலம் சிறுநீர்ப்பையை அழுத்துகிறது. பள்ளிக் கழிப்பறை அழுக்காக இருப்பதால், காலை ஒன்பது மணி முதல் மாலை நான்கு மணி வரை தண்ணீரே குடிக்காமல், எல்லாவற்றையும் அடக்கிக்கொண்டு, வீட்டுக்குள் நுழைந்ததும் புத்தகப் பையைக் கூடக் கழற்றாமல் கழிப்பறைக்கு ஓடும் பெண் குழந்தைகள் ஏராளம். தாகத்தோடு வரும் அந்தக் குழந்தை, நாள் முழுவதும் குடிக்க வேண்டிய தண்ணீரை மாலையில் குடித்துவிட்டுப் படுக்கிறது. ஆகவே வகுப்பு ஆசிரியையிடம் பேசி, பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அவளை அனுப்பச் சொல்லுங்கள். தண்ணீரில் பெரும்பகுதி மாலைக்குள் உள்ளே போய்விட வேண்டும். சாப்பிட்டவுடன் குடல் இயங்கத் தொடங்கும் என்பதால், காலை உணவுக்குப் பிறகு ஐந்து நிமிடம் கழிப்பறையில் உட்கார வையுங்கள். மேலைநாட்டு வகைக் கழிப்பறையானால் கால் ஊன்ற ஒரு முக்காலி போடுங்கள். மலச்சிக்கல் பழையதென்றால் மருந்து சில நாளுக்கு அன்றி, சில மாதங்களுக்குத் தேவைப்படும்.

நனைத்த காலையில் துணியை மாற்ற அவளும் உதவட்டும், ஆனால் அதைத் தண்டனையாக்க வேண்டாம். சூடு வைப்பேன் என்று மிரட்டுவதும் தம்பியோடு ஒப்பிடுவதும் அவளைக் காயப்படுத்துமே தவிர, நோயைத் தொடக்கூட மாட்டா. ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமல் இருந்து திடீரென மீண்டும் தொடங்கியிருந்தால் கதை வேறு: சிறுநீர்த் தொற்றா, மனத்தில் ஏதேனும் அச்சமா என்று பார்க்க வேண்டும். அதோடு மிகுந்த தாகமும் எடைக் குறைவும் சேர்ந்தால் அன்றைக்கே இரத்தச் சர்க்கரையைப் பரிசோதியுங்கள்.

கேள்வி: இரண்டேகால் வயது மகளுக்கு நேற்றிலிருந்து வயிற்றுப்போக்கு. ஓ.ஆர்.எஸ். கொடுத்தால் அடம்பிடித்துத் துப்புகிறாள். கடையில் விற்கும் இனிப்பான பானத்தைக் கொடுக்கலாமா?
- வாசகர், விருதுநகர்

பதில்: வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி 1 லிட்டர் நீருக்கு 13.5 கிராம் குளுக்கோஸும் 2.6 கிராம் உப்பும், அவற்றுடன் பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும் சேர்ந்ததே ஓ.ஆர்.எஸ். சர்க்கரை மிகுந்த பானம் குடலுக்குள் நீரை இழுத்துப் போக்கை அதிகமாக்கும். அந்த அளவில் இல்லாத பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற சொல்லே வரக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது.

உடலில் நீர் குறையாத குழந்தைக்கு இந்தக் கரைசல் உப்புக்கரிக்கும். நீர் குறைந்த குழந்தை அதையே ஆவலோடு குடிக்கும். எனவே அவள் துப்புவது ஓரளவு ஆறுதலான செய்திதான். கரண்டியால் ஒவ்வொரு வாயாக, ஒவ்வொரு முறை போனபிறகும் 100 முதல் 200 மில்லி வரை கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் தொடங்குங்கள். பொட்டலத்தைப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்காமல், உறையில் போட்டிருக்கும் அளவு நீரில் முழுவதையும் கரைத்து, 24 மணி நேரத்துக்குப் பின் மீந்ததைக் கொட்டிவிடுங்கள். 20 மில்லிகிராம் துத்தநாக மாத்திரையை, போக்கு நின்றாலும், 14 நாட்கள் கொடுக்க வேண்டும். இரண்டும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். இட்லி, மோர்ச்சாதம், வாழைப்பழம் என்று வழக்கமான உணவு தொடரட்டும்.

கண் குழி விழுவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காமல் இருப்பது, மலத்தில் இரத்தம், எழுப்பினாலும் சோர்ந்து கிடப்பது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் மறுநாள் காலைவரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். விழிப்போடு இருந்து விழுங்க முடிந்தால், வழியெல்லாம் கரைசலைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டே போங்கள்.