மைனஸ் 7 பாயிண்ட்ல முடிஞ்ச சீசன்

"மனசை விட்டுப் போகாத ஃபுட்பால் சீசன் எது, ஏன்?"னு கேட்டிருக்கீங்க. எனக்கு 2018-19 ஹைலேண்ட் லீக். ஸ்காட்லாந்துல அஞ்சாவது படியில இருக்கற லீக் அது, டிவில பெருசா வராது, பெரும்பாலான பேர் கேள்விப்பட்டே இருக்க மாட்டீங்க, அதனால கொஞ்சம் விளக்கமாவே எழுதறேன்.

அப்ப நான் அபர்டீன்ல இருந்தேன், ஆயில் ஃபீல்டு வேலை. ஆஃபீஸ்ல கூட வேலை பார்த்த ஒரு பெரியவர் சின்ன வயசுலேர்ந்து கோவ் ரேஞ்சர்ஸ் ஆளு. கோவ்ங்கறது அபர்டீனுக்குத் தெக்கால, கடலை ஒட்டி இருக்கற ஏரியா. அவங்களோட பழைய கிரவுண்ட் போய் மூணு வருஷம் மத்தவங்க கிரவுண்ட்ல ஆடிட்டு, 2018லதான் பல்மோரல் ஸ்டேடியம்னு சொந்தமா ஒண்ணு கட்டித் திறந்திருந்தாங்க. "சனிக்கிழமை ரூம்ல படுத்து என்ன பண்ணப் போறே, வா"ன்னு கூட்டிட்டுப் போனாரு. மூணு மணிக்கு மேட்ச். டிசம்பர்ல அங்க மூணரைக்கெல்லாம் பொழுது சாஞ்சிடும், செகண்ட் ஹாஃப் முழுக்க லைட்டு வெளிச்சத்துலதான். வடகடல் காத்து ஜாக்கெட்டைத் தாண்டி எலும்பைப் பிடிக்கும். இடைவேளைல சூடா, உள்ள கறி வெச்ச பை (pie) ஒண்ணு வாங்கி, திங்கறதுக்கு முன்னாடி ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நிப்போம்.

இந்த லீக்கோட கதை கொஞ்சம் தெரிஞ்சாத்தான் அந்த சீசனோட கனம் புரியும். ஸ்காட்லாந்துல மேல நாலு டிவிஷன், மொத்தம் 42 கிளப். அதுக்குக் கீழ அப்ப தெற்குப் பக்கம் லோலேண்ட் லீக், வடக்குப் பக்கம் ஹைலேண்ட் லீக். ஹைலேண்ட் லீக் 1893லயே ஆரம்பிச்சது, ஆனா நூத்து இருபது வருஷம் இங்க சாம்பியன் ஆனாலும் தானா மேல ஏற வழி கிடையாது. மேல இடம் காலியாகணும், இல்ல டிவிஷனைப் பெருசாக்கணும், அப்ப விண்ணப்பம் போட்டு ஓட்டு வாங்கித்தான் உள்ள போகணும். ராஸ் கவுண்டி 1994லயும், பீட்டர்ஹெட், எல்ஜின் சிட்டி ரெண்டும் 2000லயும் அப்படிப் போனவங்க. 2008ல கிரெட்னா கிளப் மூழ்கினப்ப காலியான இடத்துக்கு கோவும் விண்ணப்பம் போட்டாங்க, கிடைச்சது ஆனன் அத்லெட்டிக்குக்கு.

2014-15லதான் ப்ளே-ஆஃப் வந்துச்சு. ரெண்டு லீக் சாம்பியனும் முதல்ல மோதணும், அதுல ஜெயிக்கறவங்க மேல 42வது இடத்துல முடிச்ச கிளப்போட ரெண்டு மேட்ச் ஆடணும். கோவ் 2016ல எடின்பரோ சிட்டிகிட்ட தோத்தாங்க. 2018ல கடைசிப் படி வரைக்கும் போய் கௌடன்பீத்கிட்ட மொத்தமா 3-2ன்னு ஒரே ஒரு கோல்ல போச்சு. அதைச் சொல்றப்ப பெரியவரோட குரலே இறங்கிடும். ஆக 2018-19 அவங்களுக்கு இன்னொரு முறை மலையேற்றம், நானும் அந்த வேகத்துலதான் ஒட்டிக்கிட்டேன்.

ஆனா என்னை முழுசா உள்ள இழுத்தது கோவ் இல்ல, ஃபோர்ட் வில்லியம்.

பிரிட்டன்லயே உயரமான மலை பென் நெவிஸ், 1345 மீட்டர், அதோட அடிவாரத்துல மேற்குக் கரைல இருக்கற ஊர் இது, பத்தாயிரம் பேர்தான் இருப்பாங்க. லீக்ல மத்த டீம்ல பாதிக்கு மேல அபர்டீன்ஷயர், மொரே கடற்கரைப் பக்கம் ஒண்ணுக்கொண்ணு பக்கத்துல இருக்கு. இவங்க மட்டும் தனியா அந்தக் கோடில. பக்கத்து ஊர் டீம்னு சொல்லணும்னாலே இன்வர்னெஸ்ல இருக்கற க்ளாக்நகுடின்தான், அதுவே நூறு கிலோமீட்டருக்கு மேல, லாக் நெஸ் ஏரிக்கரையோரமா வளைஞ்சு வளைஞ்சு போற ரோடு. வடக்கு முனைல இருக்கற விக் ஊருக்குப் போகணும்னா 270 கிலோமீட்டர் பக்கம். ஆடறவங்க எல்லாரும் வாரம் பூரா வேற வேலை பார்க்கறவங்க. போதாததுக்கு அந்த ஊர்ல ஷின்டிதான் பெரிய விளையாட்டு, வளைஞ்ச கட்டையால ஆடறது, ஹாக்கிக்கு அண்ணன்னு வெச்சுக்கங்க, நல்லா ஓடற பசங்க அதுக்குப் போயிடுவாங்க. 2018ல நிர்வாகத்துல இருந்தவங்க விலகி, கிளப்பே இருக்குமா இருக்காதாங்கற நிலைமைல உள்ளூர் ஆட்கள் புதுசா வந்து தோள் கொடுத்துத்தான் அந்த சீசனையே ஆரம்பிச்சாங்க.

அந்த சீசன்ல அவங்க ஆடினது 34 மேட்ச். ஜெயிச்சது பூஜ்யம், டிரா 2, தோல்வி 32. அடிச்ச கோல் 21, வாங்கினது 245, அதாவது மேட்சுக்கு ஏழுக்கு மேல. தகுதியில்லாத ஆளை ஆட வெச்சாங்கன்னு 9 பாயிண்ட் கழிச்சுட்டாங்க, கிடைச்ச 2 பாயிண்ட்ல 9 போக மைனஸ் 7. அதுக்கு முந்தின சீசன்லயும் லீக்ல ஒரு வெற்றிகூட இல்ல. "பிரிட்டன்லயே மோசமான டீம்"னு பேப்பர்ல எழுதினாங்க. எனக்கு அந்தத் தலைப்புகளைப் பார்த்தா இன்னிக்கும் கோவம் வரும்.

ஏன்னா நான் அவங்களை நேர்ல பார்த்திருக்கேன். பல்மோரலுக்கு ஆட வந்தாங்க, கோல் மேல கோல் போச்சு, கோவ் ஆளுங்களே ஒரு கட்டத்துக்கு மேல கத்தறதை நிறுத்திட்டாங்க. ஆனா அந்தப் பசங்க எண்பது நிமிஷத்துக்கு மேலயும் பாலுக்காகச் சறுக்கி விழுந்து டாக்கிள் பண்றாங்க, கோல்கீப்பர் வலைக்குள்ளேர்ந்து பந்தை எடுத்து நடுவுக்கு உதைச்சுட்டு டிஃபன்ஸைப் பார்த்துக் கத்தி வரிசைல நிறுத்தறாரு, ஸ்கோர் 0-0 மாதிரி. மேட்ச் முடிஞ்சு அஞ்சு மணி சுமாருக்கு நாங்க வெளிய வந்தா, அவங்களே பையைத் தூக்கிட்டுப் போய் பஸ்ஸுல வெக்கறாங்க. இருட்டுல 250 கிலோமீட்டர் திரும்பிப் போகணும். பெரியவர் அந்தப் பக்கம் போய் ரெண்டு பேருக்குக் கை கொடுத்தாரு. அப்புறம் வண்டில வர்றப்ப சொன்னாரு, ஒரு டீம் பாதில விலகிட்டா அவங்களோட ஆடின மேட்ச் எல்லாமே ரத்து, பாயிண்ட் டேபிளையே புதுசா எழுதணும், அவங்க ஒவ்வொரு வாரமும் வர்றதாலதான் நாம ஜெயிக்கறதுக்கு ஒரு லீக் இருக்குன்னு. அன்னிலேர்ந்து எனக்கு சனிக்கிழமை சாயங்காலம் ரெண்டு ஸ்கோர் பார்க்கற பழக்கம் வந்துருச்சு, கோவ் ஒண்ணு, ஃபோர்ட் ஒண்ணு.

கோவ் அந்த வருஷம் சாம்பியன். ப்ளே-ஆஃப்ல லோலேண்ட் சாம்பியன் ஈஸ்ட் கில்பிரைடை முடிச்சுட்டு, மே மாசம், மேல 42வது இடத்துல முடிச்ச பெரிக் ரேஞ்சர்ஸோட ஃபைனல். பெரிக் இங்கிலாந்துக்குள்ள இருக்கற ஊர், ஆனா ஸ்காட்லாந்து லீக்ல ஆடற கிளப், 1967ல கிளாஸ்கோவோட பெரிய ரேஞ்சர்ஸையே கோப்பைல 1-0ன்னு சாய்ச்சவங்க. முதல் மேட்ச் பல்மோரல்ல, 4-0. அன்னிக்கு கோவ் ஆடின ஆட்டம் இருக்கே, பெரியவர் பேச்சே வராம நின்னாரு. அடுத்த வாரம் பெரிக்ல போய் 3-0. மொத்தம் 7-0. கோவ் மேல ஏறிட்டாங்க, அப்புறம் மூணே வருஷத்துல ரெண்டாவது டிவிஷன் வரைக்கும் போனாங்க.

ஃபோர்ட் வில்லியம் அதே இடத்துலதான். அப்ப கடைசி டீமைக் கீழ இறக்கற முறை நடைமுறைல இல்ல, அதனால மைனஸ் 7 எடுத்தும் லீக்ல நீடிச்சாங்க. 2019 ஜூலை 31, புதன்கிழமை, நார்த் ஆஃப் ஸ்காட்லாந்து கப், எதிர்ல நேர்ன் கவுண்டி. ராத்திரி போனைப் பார்க்கறேன், 5-2ன்னு இருக்கு, வழக்கமா எந்தப் பக்கம் பெரிய நம்பர் இருக்குமோ அந்தப் பக்கம் இல்ல. மூணு தடவை ரெஃப்ரெஷ் பண்ணினேன். 840 நாளைக்கப்புறம் ஒரு வெற்றி. பெரியவருக்கு உடனே போன் போட்டேன், தூங்கிட்டிருந்தவர் எந்திரிச்சு "அஞ்சா? அஞ்சா அடிச்சாங்க?"ன்னு ரெண்டு தடவை கேட்டாரு. செப்டம்பர்ல க்ளாக்நகுடினை 1-0ன்னு ஜெயிச்சு லீக் வெற்றியும் வந்துச்சு.

2022ல கீழ இறங்கற ப்ளே-ஆஃப்ல பேங்க்ஸ் ஓ டீ கிளப்கிட்ட தோத்து, ஒரு படி கீழ இருக்கற நார்த் கலடோனியன் லீக்குக்குப் போயிட்டாங்க. அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. நான் இப்ப கோயம்புத்தூர்ல இருக்கேன், அங்க மேட்ச் முடியறப்ப இங்க ராத்திரி பத்து பத்தரை ஆகும். அப்ப போனை எடுத்தா முதல்ல ஃபோர்ட் வில்லியம், அப்புறம்தான் கோவ்.