பிரெஞ்சுச் சிவப்பு ஒயினுக்கு எவ்வளவு செலவழிக்கலாம்?

முதன்முறையாக நல்ல பிரெஞ்சுச் சிவப்பு ஒயின் வாங்க நினைப்பவர் எவ்வளவு பணம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பிரான்ஸில் வாங்குவதாக இருந்தால் 15 முதல் 20 யூரோ வரை என்பேன். அதையும் பெயர்பெற்ற போர்தோ பகுதி ஒயினுக்குக் கொடுக்காமல், பொஜொலே பகுதியின் மோர்கோன் ஒயினுக்குக் கொடுங்கள்.

பிரான்ஸின் லியோன் நகருக்கு வேலைக்கு வந்த புதிதில், பூஷோன் எனப்படும் அவ்வூர்ப் பழைய பாணி உணவகம் ஒன்றில், அடிப்பாகம் தடித்த 46 சென்டிலிட்டர் குப்பியில் ஒரு சிவப்பு ஒயினைக் கொண்டுவந்து வைத்தார்கள். சிவப்பு ஒயின் என்றாலே பாக்கு மென்றதுபோல நாக்கை இழுக்கும் என்று அதுவரை நம்பியிருந்தேன். இதிலோ பழுத்த செர்ரியின் மணம் முதலில் எழுந்தது. பிறகு இதமான புளிப்பு. துவர்ப்பு கடைசியில்தான் மெல்லத் தலைகாட்டியது. பெயரைக் கேட்டதும் பரிமாறிய பெண்மணி பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார்: மோர்கோன்.

லியோனுக்கு வடக்கே, வில்லியே-மோர்கோன் என்ற ஊரைச் சுற்றி இது விளைகிறது. திராட்சை காமே வகை. பொஜொலேவுக்கு வடக்கேயுள்ள பூர்கோன் பகுதியை ஆண்ட பிரபு பிலிப் 1395-இல் தம் நிலத்திலிருந்து இந்தக் கொடியைப் பிடுங்கி எறியச் சொன்னார். தெற்கே பொஜொலேயின் கருங்கல் மண்ணில்தான் அது தன் குணத்தைக் காட்டியது. ஊரை ஒட்டிய கோட் து பி குன்றில் நடந்தபோது நீலச் சாயல் கொண்ட ஒரு கல்லை எடுத்து அழுத்தினேன். துருநிறப் பொடியாக விரலில் உதிர்ந்தது. அங்குள்ள பழைய கொடிகள் முழங்கால் உயரப் புதர்களாகவே நிற்கின்றன. குலைகளை உதிர்க்காமல் முழுதாகத் தொட்டியில் போடுவதால், அடியில் நசுங்கிய பழங்கள் நொதித்து வெளிவிடும் கரியமில வாயுவில் மேலுள்ளவை தோலுக்குள்ளேயே நொதிக்கத் தொடங்குகின்றன; அந்தப் பழவாசனை பெரிதும் இதிலிருந்து வருவதே. முழுக் குலை வேண்டுமென்றால் குனிந்து கையால்தான் பறிக்க வேண்டும். விலையில் ஒரு பங்கு இந்த உழைப்புக்கும் போகிறது.

இனி பணக்கணக்கு. விலையில் வரியும் அடக்கம் என்பதால், 5 யூரோ பாட்டிலில் 20 சதவீத வரியாக ஏறத்தாழ 83 சென்ட் போய்விடும். கண்ணாடி, தக்கை, லேபிள், வண்டிக்கூலி, கடைக்காரர் லாபம் எல்லாம் கழிந்தபின் திராட்சைக்கு எஞ்சுவது சொற்பம். 18 யூரோ பாட்டிலில் வரி 3 யூரோ ஆனாலும், கண்ணாடிக்கும் வண்டிக்கும் ஆகும் செலவு அதே விகிதத்தில் கூடுவதில்லை என்பதால், தோட்டத்துக்குப் போய்ச் சேரும் தொகை பலமடங்காகிறது. நாக்கு அந்த வித்தியாசத்தை உடனே உணர்ந்துகொள்ளும். 40 யூரோவைத் தாண்டினால் பெரும்பாலும் விளைவித்தவரின் புகழுக்கும் தட்டுப்பாட்டுக்கும் விலை கொடுக்கிறோம் என்பது என் கருத்து. 42 யூரோ கொடுத்து நான் வாங்கிய ஒன்றில் ஓக் பீப்பாயின் வாசம் பழத்தை அப்படியே மூடிவிட்டது. அந்தப் பணத்தில் இரண்டு நல்ல மோர்கோன் வாங்கியிருக்கலாமே என்று உண்மையிலேயே வருந்தினேன்.

லேபிளில் ‘மிஸ் ஆன் பூத்தேய் ஓ தொமேன்’, அதாவது தோட்டத்திலேயே பாட்டிலில் அடைத்தது, என்று இருக்கிறதா பாருங்கள். குடிப்பதற்கு அரைமணி நேரம் முன்பு குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். 14 டிகிரி அளவில்தான் மணம் தெளிவாக எழும். மிஞ்சினால் தக்கையை இறுக்கி மீண்டும் உள்ளே வைத்துவிடுங்கள். இரண்டாம் நாள் இன்னும் நன்றாயிருந்த பாட்டில்களை நான் கண்டிருக்கிறேன்.