ஆன்லைனில் உள்ள சட்டத் தகவல்களுக்கு வணிகப் பயனாளர்களிடம் கட்டணம் வாங்குவது சரியா?

‘பொதுமக்களுக்கு இலவசம், கம்பெனிகளுக்குக் கட்டணம்’ என்று சட்டத் தளங்கள் பிரித்து வைப்பது நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கட்டணம் கட்டுகிற பக்கத்து ஆள். வீடு கடலூரில், ஆபீஸ் புதுச்சேரியில். வக்கீல்களுக்கும் வீட்டுக்கடன் கொடுக்கும் நிறுவனங்களுக்கும் வழக்கு விவரம் தேடித் தரும் சாஃப்ட்வேர்தான் பிழைப்பு. கட்டணம் சரிதான் என்பது என் பதில். ஆனால் ‘கம்பெனி’ என்ற போர்டைப் பார்த்து வாங்கக் கூடாது. எவ்வளவு அள்ளுகிறோம் என்பதைப் பார்த்து வாங்க வேண்டும்.

முதலில் தீர்ப்பு யார் சொத்து என்று பார்த்துவிடலாம். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(க்யூ) பிரிவுப்படி, வெளியிடக் கூடாது என்று கோர்ட்டே தடை போட்டிருந்தால் ஒழிய, எந்தத் தீர்ப்பையும் யார் வேண்டுமானாலும் வெளியிடலாம். விற்கவும் செய்யலாம். வேடிக்கை என்னவென்றால், சட்டமன்றம் இயற்றிய சட்டத்துக்கு அந்த அளவு தாராளம் இல்லை. அதை வெளியிடுவதானால் விளக்கவுரையோ வேறு சொந்தச் சரக்கோ சேர்த்திருக்க வேண்டும் என்று அதே பிரிவில் ஒரு நிபந்தனை இருக்கிறது. எந்தச் சட்டம் தெரியாது என்று சொன்னாலும் கோர்ட் மன்னிக்காதோ, அந்தச் சட்டத்துக்கே இந்தக் கட்டு!

2007 டிசம்பரில் ஈஸ்டர்ன் புக் கம்பெனி – டி.பி. மோடக் வழக்கில் உச்ச நீதிமன்றம் கோட்டைத் தெளிவாகப் போட்டது. தீர்ப்பின் வெறும் வாசகம் எல்லோருக்கும் பொது. பதிப்பாளர் மூளையைச் செலவழித்து எழுதிய ஹெட்நோட் (தீர்ப்பின் தலைப்பில் வரும் சுருக்கம்), அவர் பத்தி பிரித்து எண் போட்ட உழைப்பு, இவை அவருக்குச் சொந்தம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எந்த சீனியர் வக்கீல் ஆபீசுக்குப் போனாலும் எம்.எல்.ஜே. (மெட்ராஸ் லா ஜர்னல்) என்ற தீர்ப்புத் தொகுப்பின் வால்யூம்கள் வரிசையாக நிற்கும். அந்தச் சந்தாவில் பெரும்பங்கு ஹெட்நோட்டுக்கும் இண்டெக்ஸுக்கும்தான். தேடும் நேரம் மிச்சமாகிறது, அதற்குக் காசு. இதில் யாருக்கும் வருத்தம் இருக்க முடியாது.

சிக்கல், வெறும் வாசகத்தை இலவசமாகத் தரும் தளங்களில் வருகிறது. தெருக்குழாயில் குடம் வைப்பவரிடம் யாரும் காசு கேட்பதில்லை. டேங்கர் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினால் கேட்பார்கள். எங்களைப் போன்றவர்கள் லாரி. ராத்திரி ஒரு ஸ்கிரிப்டை ஓடவிட்டு லட்சக்கணக்கில் தீர்ப்புகளை இறக்கினால் சர்வர் திணறும். மறுநாள் காலை கோர்ட்டுக்குள் நுழைவதற்கு முன் மேற்கோள் காட்ட ஒரு பழைய தீர்ப்பைத் தேடும் ஜூனியர் வக்கீலுக்குப் பக்கம் திறக்காது. அதைத் தடுக்கத்தான், படத்தில் உள்ள எழுத்தைப் படித்துத் தட்டச் சொல்லும் கேப்ட்சா வைக்கிறார்கள். அது ரோபோவை நிறுத்துகிறதோ இல்லையோ, கண்ணாடி போட்ட குமாஸ்தாவை நன்றாகவே நிறுத்துகிறது. 2008-ல் தொடங்கிய இந்தியன் கானூன் என்ற தீர்ப்புத் தேடல் தளம் இதை நேராகவே தீர்த்தது. பிரவுசரில் படித்தால் காசில்லை, புரோகிராம்களுக்கென்றே திறந்து வைத்த ஏபிஐ என்ற வழியாகக் கேட்டால் மீட்டர் ஓடும். லாபத்துக்கு இல்லாமல் செய்பவர்களுக்கு அதிலும் சலுகை உண்டு. என்னைக் கேட்டால் இதைவிட நாணயமான ஏற்பாடு கிடையாது.

‘வணிகப் பயனாளர்’ என்று பெயர் ஒட்டினாலே கட்டணம் என்ற முறையில்தான் எனக்குச் சங்கடம். சப்-ரிஜிஸ்டிரார் ஆபீஸ் எதிரில் உட்கார்ந்திருக்கும் பத்திர எழுத்தர் ஃபீஸ் வாங்குகிறார், அவர் வணிகமா? கட்சிக்காரருக்காகத் தீர்ப்பை பிரிண்ட் எடுத்துத் தரும் ஜெராக்ஸ் கடைக்காரர்? கட்டணம் வாங்கித் தொழில் செய்யும் ஒவ்வொரு வக்கீலும் அந்தக் கணக்கில் வந்துவிடுவார். கடைசியில் அந்தச் செலவு பண்ருட்டியிலிருந்து வாய்தாவுக்கு வந்த கட்சிக்காரர் தலையில்தான் விடியும்.

அமெரிக்காவின் பேசர் என்ற ஃபெடரல் கோர்ட் தளம், நீ கம்பெனியா தனி ஆளா என்று பார்த்துக் கட்டணம் வைப்பதில்லை. பக்கத்துக்கு 10 சென்ட், ஒரு ஆவணத்துக்குப் பொதுவாக அதிகபட்சம் 3 டாலர். மூன்று மாதத்துக்கு 30 டாலருக்குள் அடங்கினால் மொத்தமும் தள்ளுபடி. அளவை வைத்து வாங்குவது எனக்குப் பிடித்த முறை, ஆனால் படிப்பதற்கே பக்கக் கணக்கு போடுவது பிடிக்கவில்லை. அதோடு வசூலித்த பணத்தில் ஒரு பகுதியைத் தளத்துக்குச் சம்பந்தமில்லாத செலவுகளுக்கு எடுத்தது தவறு என்று அங்கே கோர்ட்டே சொல்லிவிட்டது. 2024-ல் 12.5 கோடி டாலர் சமரசத்தில் போய் அது முடிந்தது. கட்டணம் என்று ஒன்று வந்துவிட்டால் அதன் ருசி கோர்ட்டையும் விடாது போல.

இன்னொன்றும் இருக்கிறது, எங்கள் தொழிலில் இதை யாரும் உரக்கப் பேச மாட்டார்கள். மொத்தமாக எடுத்த தீர்ப்புகளை வைத்து ஆள் விசாரிக்கும் வியாபாரமும் செய்யலாம். விடுதலையான வழக்கோ, குடும்ப வழக்கோ, பெயரைத் தட்டினால் வந்து நிற்கும். இப்படி ஒருவர் பெயரை எடுக்கச் சொல்லி 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவை உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. இந்த மாதிரிப் பயன்பாட்டைக் காசு தடுக்காது, காசுள்ளவன் கட்டிவிட்டுச் செய்வான். பிரிட்டனில் தேசிய ஆவணக் காப்பகம் 2022-ல் தொடங்கிய தீர்ப்புத் தளத்தில் படிப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. மொத்தமாகக் கணினி வைத்து அலசுவதற்கு மட்டும் உரிமம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும், எதற்கு, எப்படி என்று எழுதித் தர வேண்டும். அந்த உரிமத்துக்குக் கட்டணம் இல்லை. காசு கேட்காமல் கேள்வி கேட்கிறார்கள். நம்மூரில் எனக்கு இரண்டும் வேண்டும்.

கனடாவின் கேன்லீ என்ற இலவசச் சட்டத் தளத்துக்குப் பணம் போடுவது வக்கீல்கள்தான், தங்கள் சங்கங்கள் வழியாக. நமக்கும் பார் கவுன்சில் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சேர்த்து ஒன்றுதான். வக்காலத்தில் வெல்ஃபேர் ஸ்டாம்ப் ஒட்டும் பழக்கமும் இருக்கிறது. அது போல ஒரு சின்னத் தொகை என்றால் பெரிய எதிர்ப்பு இருக்காது என்றேன் ஒரு சீனியரிடம். “தம்பி, முதல்ல பார் லைப்ரரி சந்தாவை ஒழுங்கா கட்டச் சொல்லு” என்றார்.

ஆனால் புதுச்சேரி விஷயத்தில் கட்டணம் எந்த வகையில் வந்தாலும் பயனில்லை. இங்கே 1965-ல் ஒரு விற்பனை வரிச் சட்டம் போட்டார்கள்: அமலுக்கு வரும் நாளில் மெட்ராஸ் சட்டம் எப்படி இருக்கிறதோ, அப்படியே இங்கும் செல்லும் என்று. அமலுக்கு வருவதற்குள் அங்கே திருத்தம் வந்துவிட்டது. பி. ஷாமா ராவ் வழக்கில் 1967-ல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. இது போக, மத்தியச் சட்டங்களை இங்கே நீட்டித்த 1968-ன் சட்டம், பிரெஞ்சு ஆட்சியில் தங்கள் சொந்த மதச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சட்டத்தை ஏற்ற ரெனோன்சான் குடும்பங்களுக்கு இன்றும் பொருந்தும் பிரெஞ்சு சிவில் சட்டம் எல்லாம் சேர்ந்து, இன்ன தேதியில் இங்கே இன்ன சட்டம் எந்த வடிவில் இருந்தது என்று சொல்வதே தனி வேலை. திருத்தங்களைச் சேர்த்து, தேதிவாரியாக, எந்திரம் படிக்கும் வடிவில் அது கிடைத்தால் நான் நாளைக்கே பணம் கட்டுவேன். ஆனால் என்னைப் போல் கட்டுவதற்கு இங்கே எத்தனை பேர்? பெரிய பதிப்பாளருக்கு இவ்வளவு சின்னச் சந்தை கட்டாது. அந்த ஒரு வேலையை மட்டும் சட்டத்துறை தன் பட்ஜெட்டிலேயே செய்து இலவசமாகப் போட்டாக வேண்டும்.