தோட்டத்து முனியை வைத்துக் கதை எழுதினால் இலக்கியம் ஆகாதா?

தோட்டத்துக் காவல்தெய்வமான முனியை வைத்து ஒரு கதை எழுதினேன், ‘இதெல்லாம் இலக்கியமா’ என்கிறார்கள், வெள்ளைக்காரர் அல்லாத யாராவது இப்படி மாயக்கதை, அறிவியல் கதை எழுதிப் பேர் வாங்கியிருக்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கியிருக்கிறார்கள், நிறையப் பேர். உங்களிடம் அப்படிச் சொன்னவர் ஏதோ ஒரு போட்டியின் நடுவராகத்தான் இருப்பார் என்று நினைக்கிறேன். என்னிடம் சொன்னவரும் நடுவர்தான்.

1905ஆம் ஆண்டிலேயே வங்காளத்தைச் சேர்ந்த பேகம் ரொக்கேயா ‘சுல்தானாவின் கனவு’ என்ற சிறுகதையை ஆங்கிலத்தில் எழுதினார். பெண்கள் நாட்டை ஆள்கிறார்கள், ஆண்கள் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறார்கள், வெயிலின் சூட்டைச் சேர்த்துவைத்துச் சமைக்கிறார்கள், வானத்தில் வண்டி ஓடுகிறது. அந்தக் கதை வெளிவந்தது நம் சென்னையில் நடந்த ஒரு பெண்கள் பத்திரிகையில். அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணான ஆக்டேவியா பட்லர் 1984இல் எழுதிய ‘பிளட்சைல்ட்’ கதைக்கு, அறிவியல் கதை, மாயக்கதைகளுக்கான பெரிய விருதுகளான ஹியூகோ, நெபுலா இரண்டும் கிடைத்தன. வேற்றுக் கிரகத்து உயிர்கள் மனித ஆண்களின் உடம்பில் முட்டையிடும் கதை அது. பலரும் அதை அடிமை வாழ்க்கையைப் பற்றிய கதை என்றே படித்தார்கள். இல்லை, இது அன்பைப் பற்றிய கதை என்று அவரே பின்குறிப்பு எழுத வேண்டியிருந்தது.

அவ்வளவு தூரம் எதற்கு? ஸென் சோ நம் மலேசியாக்காரர். பொந்தியானாக் என்கிற மலாய்ப் பெண்பேயாக ஆகிவிட்ட ஒரு பள்ளிக்கூடப் பெண் தன் அத்தை, பாட்டிகளோடு வாழ்வதைக் கதையாக எழுதினார். அவருடைய முதல் தொகுப்பு 2014இல் இங்கேதான் அச்சானது. 2019இல் வேறொரு கதைக்கு ஹியூகோ வாங்கினார். பொந்தியானாக்குக்கு உலகத்தில் இடம் உண்டென்றால் முனியாண்டிக்கு இல்லாமல் போகுமா?

சரி, என் கதைக்கு வருகிறேன். 1942–43இல் ஜப்பான்காரன் சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டபோது மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனான். என் தாத்தாவின் அண்ணன் அப்படிப் போனவர். திரும்பி வரவில்லை. நான் எழுதிய கதை இதுதான்: சண்டை முடிந்து தோட்டத்துக்குப் புதிதாக ஒரு கிராணி, அதாவது கணக்கர், வருகிறார். விடியுமுன், வேலைக்கு வந்தவர்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில், லாந்தர் வெளிச்சத்தில் பெயர் கூப்பிடுகிறார். கையில் இருப்பது சண்டைக்கு முந்தைய செக்ரோல், தொழிலாளர் பெயர்ப் பதிவேடு. கூப்பிடுகிற ஒவ்வொரு பெயருக்கும் இருட்டிலிருந்து ‘இருக்கேங்க ஐயா’ என்று பதில் வருகிறது. ஆனால் களத்தில் நிற்பது பாதி ஆள்தான்.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நடந்த போட்டிப் பரிசளிப்பில் அந்த நடுவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஆவியை எடுத்துடுங்கம்மா, அருமையான கதை. அடுத்த வருஷம் அனுப்புங்க” என்றார். “ஆவிதானுங்கய்யா கதையே” என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

செந்தூலில் இருக்கும் என் அத்தைக்கு அதே கதையை வாசித்துக் காட்டினேன். சின்ன வயதிலிருந்து பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர், உளி பிடித்த விரல்கள் இன்னமும் முழுதாக நிமிராது. வெற்றிலை நரம்பைக் கிள்ளிக்கொண்டே கேட்டார். செத்தவர்கள் பேசியது அவருக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.

“பேர் சொன்னவங்களுக்குக் கிராணி கூலி போட்டானா இல்லியா?”

“அதை நான் எழுதலியே அத்த.”

“அதென்ன, பெரட்டுக்கு வந்தாச்சில்ல? அரை நாளாவது போடணும்.”

அன்றைக்கே முடிவை மாற்றி எழுதினேன். கிராணி எல்லாருக்கும் அரை நாள் போடுகிறார். மாதக் கடைசியில் சம்பள மேசைமேல் வாங்க ஆளில்லாத காசு அடுக்கடுக்காக இருக்கிறது. துரை கணக்குக் கேட்கிறார். அதோடு கதை முடிகிறது. பிறகு வேறோர் இதழில் வந்தது.

நடப்பை அப்படியே எழுதுகிற கதையில் செத்தவனுக்காகக் கூலி கேட்க முடியாது. இந்த வகைக் கதையில் கேட்கலாம். எனக்கு இது போதும். தோட்டத்து வாழ்க்கையை உள்ளபடி எழுதியவர்களைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் கிளம்பி வராதீர்கள், அவர்களைப் படித்து வளர்ந்தவள்தான் நான். பேய் வந்தாலே கதை நன்றாகிவிடும் என்றும் சொல்லவில்லை. பேய் வந்துவிட்டது என்பதற்காகவே தள்ளாதீர்கள் என்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் ஊர் நூல் வெளியீடுகளில் பொன்னாடை, மாலை, பிரமுகர் பேச்சு என்று இரண்டு மணி நேரம் போகிறது. முதல் நூலை உறையில் பணம் வைத்து வாங்கியவர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் காரில் போட்டுக்கொண்டு போகிறார். கதையைப் பற்றிப் பேச ஐந்து நிமிடம், அதுவும் சாப்பாட்டுக்கு முன்னால் அவசர அவசரமாக. புதிதாக எழுதுகிறவர்களுக்குத் தன் கதையைப் படித்த ஒரு ஆளின் கருத்து கிடைப்பதே இங்கே பெரும்பாடு. உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கிறது.

முனி கதையை இன்னும் யாருக்கும் அனுப்பாதீர்கள். முதலில் தோட்டத்தில் வேலை செய்த பெரியவர் ஒருவருக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள், எங்கே குறுக்கே பேசுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ‘சுல்தானாவின் கனவு’ படியுங்கள். சின்னக் கதைதான், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.