டோகாமாக் பிளாஸ்மாவில் எழும் காந்த அலைகள் ஆபத்தானவையா?

கேள்வி: குளச்சல் பக்கத்தில் இருந்து கேட்கிறேன், பி.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். அணு இணைவு உலைகளில் பிளாஸ்மாவுக்குள் காந்த அலைகள் கிளம்பிக் காரியத்தைக் கெடுத்துவிடும் என்கிறார்களே, அது என்ன அலை? கூடங்குளம் பக்கத்திலேயே இருப்பதால் இதைக் கேட்டாலும் எங்களுக்குப் பயம்தான் வருகிறது.

பதில்: இதே மாவட்டத்தில் இயற்பியல் பாடம் எடுப்பவன் என்பதால் பயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கூடங்குளத்தில் நடப்பது யுரேனியத்தைப் பிளக்கும் வேலை. இணைவில் கதை வேறு: லேசான அணுக்கருக்களைப் பிளாஸ்மாவாக, அதாவது அயனிகளும் எலக்ட்ரான்களும் பிரிந்து நிற்கும் கடும் சூடான வாயுவாக வைத்து, ஒன்றுசேர்க்கிறார்கள். பிரான்சில் கட்டப்பட்டு வரும் ஈட்டர் என்ற டோகாமாக் (பிளாஸ்மாவைக் காந்தப் புலத்தால் வளையமாக அடைத்து வைக்கும் இணைவு உலை) எவ்வளவு பெரியதாக இருந்தாலும், அதன் பிளாஸ்மாவில் எந்த நேரத்திலும் இருக்கப்போகும் எரிபொருள் ஒரு கிராம்கூட வராது. அலை கட்டுமீறினால் பிளாஸ்மா ஆறிப்போகும். அடி விழுவது உலைக்கு, ஊருக்கு அல்ல. (அந்த எரிபொருளில் ஒரு பாதியான ட்ரிட்டியம் என்ற ஹைட்ரஜன் வகை கதிரியக்கப் பொருள்தான், அதைத் தனிக் கேள்வியாகக் கேளுங்கள்.)

சரி, அலைக்கு வருவோம். கரையில் நின்று கரமடி வலை இழுப்பதை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. விறைத்து நிற்கும் அந்தக் கயிற்றை ஒரு தட்டு தட்டினால் துள்ளல் ஒன்று அதன் வழியே ஓடும். விறைப்பு கூடினால் வேகம் கூடும். கயிறு தண்ணீர் குடித்துக் கனத்தால் வேகம் குறையும். காந்தப் புலக்கோட்டுக்கும் அதே கணக்குதான்: புலத்தின் பலம் விறைப்பு, கோட்டோடு ஒட்டி நகரும் அயனிகளின் நிறை கனம். 1942இல் ஹான்னஸ் ஆல்ஃபென் என்ற சுவீடன் இயற்பியலாளர் இதைச் சொன்னார், அதனால் இவற்றுக்கு ஆல்ஃபென் அலைகள் என்று பெயர். 1970இல் நோபல் பரிசு பெற்றார். ஈட்டர் அளவுக்கு 5 டெஸ்லா புலம், கன மீட்டருக்கு 10-இன் 20ஆம் அடுக்கு அயனிகள் என்று போட்டுப் பாருங்கள். அலையின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 7,000 கிலோமீட்டர் வரும்.

வில்லங்கம் இங்கேதான் தொடங்குகிறது. இணைவில் பிறக்கும் ஆல்ஃபா துகள், அதாவது ஹீலியம் அணுக்கரு, நொடிக்குச் சுமார் 13,000 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. வேகம் குறைந்து வரும் வழியில் அது அலையின் வேகத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். இரண்டும் ஒத்துப்போகும் இடத்தில் துகள் தன் ஆற்றலை அலைக்குக் கொடுத்துவிடுகிறது. அதில் வளர்ந்த அலை துகள்களைச் சுவர்ப் பக்கம் தள்ளுகிறது. பிளாஸ்மாவைச் சூடாக வைத்திருக்க வேண்டியவையே அந்தத் துகள்கள்தான்.

பொதுவாக இந்த அலைகள் சீக்கிரம் அடங்கிவிடும். பிளாஸ்மாவின் ஒவ்வொரு அடுக்கிலும் வேகம் வேறு என்பதால் அலை கலைந்துபோகிறது. ஆனால் டோகாமாக் ஒரு வளையம். உள்பக்கம் புலம் அதிகம், வெளிப்பக்கம் குறைவு. இந்த ஏற்றத்தாழ்வு அதிர்வெண்களில் ஓர் இடைவெளியைத் திறந்துவிடுகிறது, அங்கே விழும் அலைக்கு அப்படிக் கலைய வழியில்லை. 1985இல் செங், சென், சான்ஸ் மூவரும் இதைக் கணக்கில் காட்டினார்கள். 1991இல் அமெரிக்காவின் டி.எஃப்.டி.ஆர்., டி.த்ரீ.டி. என்ற டோகாமாக் கருவிகளில் அது நேரிலேயே தெரிந்தது. எனக்கு மிகவும் பிடித்த சோதனைகள் இவை. போதிய ஆல்ஃபா துகள்கள் அப்போது கையில் இல்லை. அதனால் காந்தப் புலத்தை வேண்டுமென்றே குறைத்து, அலையின் வேகத்தைக் கீழே இறக்கி, வெளியில் இருந்து செலுத்திய வேகத் துகள்கள் அதை எட்டும்படி செய்தார்கள்.

இதையெல்லாம் பிடிப்பது மிர்னோவ் காயில், அதாவது சுவரோரம் வைத்த சின்னக் கம்பிச் சுருள். நீங்கள் பன்னிரண்டாம் வகுப்பில் படித்த ஃபாரடே விதிதான், மந்திரம் ஒன்றும் இல்லை. அலையின் புலம் முக்கியப் புலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனால் சுருள் அளப்பது புலத்தை அல்ல, அது மாறும் வேகத்தை. நொடிக்கு லட்சம் தடவை ஆடும் அலை எவ்வளவு சிறியதானாலும் மின்னழுத்தமாகக் காட்டிக்கொடுத்துவிடும். வளையத்தைச் சுற்றிப் பல சுருள்களை வைத்து, அவற்றின் கட்ட வேறுபாட்டை (ஒன்றைவிட மற்றொன்றில் அலை எவ்வளவு முந்தியோ பிந்தியோ வருகிறது என்பதை) பார்த்தால் அலைக்கு எத்தனை முகடு என்பதும் தெரியும்.

இவற்றைவிட மெதுவாக, சில கிலோஹெர்ட்ஸில் ஆடும் கிழிவு அலைகளும் (tearing modes, புலக்கோடுகள் அறுந்து வேறு விதமாக ஒட்டிக்கொள்வதால் வருபவை) உண்டு. என் கருத்தில் உண்மையான தலைவலி அதுதான். அது வளர்ந்து அசையாமல் நின்றுவிட்டால் பெரும்பாலும் பிளாஸ்மா மொத்தமாகச் சரியும். ஈட்டரில் ஒன்றரைக் கோடி ஆம்பியர் மின்னோட்டம் சில பத்து மில்லிநொடிகளில் செத்தால் கலத்தின் மேல் விழும் விசையை நினைத்துப் பாருங்கள்.

இந்தியாவில் இந்த வேலைக்கு காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ஆதித்யா டோகாமாக் 1989இல் அங்கே ஓடத் தொடங்கியது. அவ்வளவு தூரம் போகும் முன், திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பூமியின் புலக்கோடுகளிலும் ஆல்ஃபென் அலைகள் ஓடுகின்றன, ஓர் ஆட்டத்துக்குச் சில நொடிகளில் இருந்து சில நிமிடங்கள் வரை எடுத்துக்கொண்டு. எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடும்போது அங்கிருந்து தொடங்கலாம்.